அடுத்தவாரத்தார் திருத்திய சிறைக் காட்சி

உண்மைக்காக உழைத்தவர்களின் பட்டியல் ஒன்றை என்றாவது யாராவது தயாரித்தால், அதில் அடுத்தவாரத்தாருக்கு முதல் மூன்று இடங்களுக்குள் ஓர் இடம் தந்தே ஆக வேண்டும். உண்மையைச் சொன்னவர்கள் உண்டு. உண்மைக்காக உயிரை விட்டவர்களும் உண்டு. ஆனால் உண்மையைப் பிற்பகல் மூன்று மணிக்குள், மூன்று பிரதிகளில், அடையாள அட்டை நகலோடு கேட்டு வாங்கியவர் இவர் ஒருவர்தான்.

சிறைச்சாலையின் பார்வையாளர் ஜன்னலில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவர் அவர். உள்ளே இருப்பவரைப் பார்க்க வரும் அம்மா, அப்பா, பெண்டாட்டி, பிள்ளை எல்லோரும் முதலில் அந்த ஜன்னலில்தான் மனுக் கொடுக்க வேண்டும். அவர் மனுவை வாங்குவார். முன்பக்கம் பார்ப்பார். பின்பக்கம் பார்ப்பார். ஒன்றுமே எழுதாத ஓரத்தையும் பார்ப்பார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த வாரம் வாங்க" என்பார். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது பணிப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் வைத்த பெயர்தான் ஊரெல்லாம் புழங்கியது.

அவருடைய கருணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனுவில் நாலு குறை இருந்தால் நாலையும் ஒரே நாளில் சொல்லி வந்தவர்களைக் குழப்ப மாட்டார். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று பிரித்துத்தான் தருவார். நாலு வாரம் ஒருவர் தொடர்ந்து வந்தால்தான் நாலாவது குறை இருப்பதே வந்தவருக்குத் தெரியும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றார். தன் அனுபவத்தையெல்லாம் அவ்வப்போது எழுதிவந்த நாற்பது பக்க நோட்டை, ஜன்னலுக்குப் புதிதாக வந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வீட்டில் திருப்பி அனுப்ப ஆள் இல்லை. கூரியர்காரரிடம் அட்டை கேட்டுப் பார்த்தார். வீட்டுக்கு வந்த சம்பந்தியைக் கால் மணி நேரம் வாசலில் நிறுத்தினார். மனைவி கத்திய கத்தலில் அதையும் விட வேண்டியதாயிற்று.

இப்படியிருக்கையில்தான் ஒருநாள் மாலை ஏழரை மணிக்கு, மனைவி பார்த்துக்கொண்டிருந்த 'கம்பிக்குள்ளே என் கண்மணி' என்ற தொடர் அவர் கண்ணில் பட்டது. செய்யாத கொலைக்காக உள்ளே இருக்கும் மகனைப் பார்க்க அம்மா ஓடிவருகிறாள். காவலர் கதவைத் திறந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அம்மா மகனைக் கட்டிக்கொள்கிறாள், டப்பாவைத் திறந்து ஊட்டுகிறாள், பின்னால் இடி இடிக்கிறது.

அடுத்தவாரத்தார் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" மனைவி பதறிப்போனாள்.

"டோக்கன் எங்க?"

"என்ன டோக்கன்?"

"அந்தம்மா கையில டோக்கன் இல்ல, மனு இல்ல, அட்டை இல்ல. இன்னிக்கு என்ன கிழமைன்னுகூடச் சொல்லல. எப்படி உள்ள போனா?"

"பெத்தவ போறா. போனா என்ன இப்போ?"

"பெத்தவங்கறதுக்கு அத்தாட்சி?"

"அவ மூஞ்சியப் பார்த்தா தெரியலையா உங்களுக்கு?"

"முப்பத்தோரு வருஷத்துல நான் ஒரு மூஞ்சியக்கூடப் பார்த்ததில்ல" என்றார் பெருமையோடு. "காகிதத்தத்தான் பார்ப்பேன்."

அது வெறும் பேச்சு இல்லை. அந்த ஜன்னல் வெளியில் நிற்பவர்களின் இடுப்பு உயரத்தில்தான் இருந்தது. உள்ளே இருப்பவருக்கு வெளியில் தெரிவது கையும் காகிதமும் கொஞ்சம் உடையும் மட்டுமே.

அன்றைக்கே உட்கார்ந்து தொலைக்காட்சிக்கு ஒரு புகார் எழுதினார். பதினான்கு பக்கம், அறுபத்துமூன்று பிழைகள், மூன்று பிரதிகள். பிழை எண் 7: சந்திப்பு நாற்பது நிமிடம் நீடித்தது. பிழை எண் 22: காவலர் பணி நேரத்தில் அழுதார், முன் அனுமதி பெற்றதாகத் தெரியவில்லை. பிழை எண் 41: இடி.

மறு வாரமே தயாரிப்பாளரிடமிருந்து அழைப்பு வந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் போனார். அவர்களோ நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, "மெய்மை ஆலோசகர்" என்று நியமன உத்தரவையே கையில் கொடுத்துவிட்டார்கள்.

"சார், நீங்க எழுதினதப் படிச்சதும் எனக்குக் கண்ணே தொறந்திடுச்சு" என்றார் தயாரிப்பாளர். "எங்க கதையில இப்போ ஒரு சிக்கல். அம்மா மகனப் பார்த்துட்டா. இனிமே என்ன செய்யறதுன்னு டைரக்டர் தலையச் சொறியறாரு."

"பார்த்திருக்கக் கூடாது" என்றார் அடுத்தவாரத்தார் கண்டிப்பாக.

"அதான் சார்! அத்தனையும் அம்மா கண்ட கனவுன்னு போட்டுடறோம். இப்போ நிஜமாப் பார்க்க வர்றா. என்னிக்கு வரலாம்?"

"செவ்வாய், வியாழன்."

"கதையில நாளைக்குப் புதன்."

"அப்ப முடியாது."

டைரக்டர் எழுதிக்கொண்டார். "சரி, வியாழக்கிழமை வர்றா."

"அட்டை?"

"இருக்கு சார்."

"நகல்?"

"அதையும் கொண்டுவர்றா."

"நகல்ல அவங்க கையெழுத்து?"

"அது இல்ல."

"அடுத்த வாரம் வாங்க" என்றார் அடுத்தவாரத்தார். ஐந்து மாதம் கழித்து அந்த வார்த்தையைச் சொன்னதில் அவருக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது.

தயாரிப்பாளர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருடமாகத் தொடர் எடுக்கிறார். கதையை இழுப்பதற்கு ஞாபகமறதி, இரட்டைப் பிறவி, விமான விபத்து என்று என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார். அம்மா மகனைப் பார்த்துவிட்டால் ஒரு பகுதி. பார்க்காமல் திரும்பினால் ஒரு வாரம். இவ்வளவு நல்ல இழுவை ஓர் அரசு அலுவலகத்தில் சும்மா கிடந்திருக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அரங்கம் அமைக்கும் வேலையை அடுத்தவாரத்தார் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். ஆசாரி மார்பு உயரத்தில் ஜன்னல் வைத்திருந்தார்.

"இறக்குங்க. இடுப்பு உயரம்தான் சரி."

"பேசறதுக்குக் குனியணுமே சார்?"

"குனியணும். குனிஞ்சாதான் விதி காதுல விழும்."

ஆசாரி ரம்பத்தை எடுத்தார். விளக்குக்காரர்கள் அடுத்தவாரத்தாரின் நுணுக்கத்தைப் பார்த்து மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். உட்கார அவர் வீட்டிலிருந்தே ஒரு மெத்தை கொண்டுவந்திருந்தார். முப்பத்தோரு வருடம் அலுவலகத்தில் உட்கார்ந்த அதே மெத்தை. கொஞ்சம் கெட்டியாக, சதுரமாக, மனைவி தைத்த உறையோடு இருந்தது.

அங்கே உடைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி இருந்தாள். எல்லோரும் தையலக்கா என்பார்கள். நடிகர்களின் உடையைத் தைப்பது, தேய்ப்பது, கைதிச் சட்டைகளில் எண்ணை நூலால் தைப்பது எல்லாம் அவள்தான். வாயைத் திறக்காமல் வேலை செய்கிறவள், இவர் வந்த நாளிலிருந்து மட்டும் அவ்வப்போது வாயைத் திறந்தாள்.

"அடுத்த தடவை அம்மா வரும்போது..." என்று அடுத்தவாரத்தார் ஆரம்பித்தார்.

"மஞ்சள் உடுத்தியிருப்பா. மஞ்சள் கூடாது" என்றாள் தையலக்கா, தேய்ப்பதை நிறுத்தாமல்.

"ஆமா! அதுக்கடுத்த தடவை..."

"மூணு மணி தாண்டி மூணு நிமிஷம் ஆயிருக்கும்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கேள்விப்பட்டிருக்கேன் சார்."

துறைக்கு வெளியிலும் விதிகள் இவ்வளவு பரவியிருக்கின்றனவே என்று அடுத்தவாரத்தார் நெகிழ்ந்துபோனார்.

தையலக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான். வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். மழையில் ஒரு விபத்து, ஒரு உயிர் போய்விட்டது, ஏழு மாதமாக அவன் உள்ளே இருக்கிறான். அம்மா அப்பா இல்லாத அவனுக்கு இந்த அக்காவை விட்டால் வேறு நாதியில்லை. அவள் விடுப்புச் சொல்லிவிட்டு ஒன்பது தடவை அந்த ஜன்னலுக்குப் போயிருந்தாள். முதல் நாலு தடவை அடுத்தவாரத்தார் திருப்பி அனுப்பினார். அடுத்த ஐந்து தடவை அவருடைய நோட்டு திருப்பி அனுப்பியது. வெளியில் யார் வந்து திரும்பினார்கள் என்று உள்ளே இருப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. போன மாதம் தம்பியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "நீயும் என்னைக் கைகழுவிட்டியா அக்கா? இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை எங்களை வேற ஜெயிலுக்கு மாத்தறாங்க. ரெண்டு நாள் பயணமாம். அதுக்குள்ள ஒரு தடவை வாயேன்" என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதம் அவளுடைய ஊசிப் பெட்டியில் இருந்தது. அதற்குப் பதிலாக அவள் எழுதிய இரண்டு கடிதமும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

கடைசி வாரத் திங்கட்கிழமை, ஒத்திகை நடந்தது. அம்மாவாக நடிக்கும் அம்மையார் வரத் தாமதமானதால், வெளிச்சம் சரிபார்க்கத் தையலக்காவை ஜன்னலுக்கு முன் நிறுத்தினார்கள். அடுத்தவாரத்தார் உள்ளே மெத்தையில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்தது. ஆள்காட்டி விரலுக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு, பிறை வடிவில் இருந்தது.

அவர் காகிதத்தை வாங்காமல் கையையே பார்த்தார். "இந்தக் கைய எங்கயோ பார்த்திருக்கேனே!"

"நாலு தடவ பார்த்திருக்கீங்க சார்" என்றது குரல், குனிந்தபடியே.

"அடடே! நம்ம பழைய பார்வையாளரா!" அவர் முகம் மலர்ந்தது; கூடப் படித்தவரைக் கண்டதுபோல் அந்தக் கையைப் பார்த்துச் சிரித்தார். "யாரும்மா உள்ள?"

"தம்பி சார்."

"பார்த்தியா?"

"இல்ல சார்."

"அப்ப எல்லாம் விதிப்படிதான் நடந்திருக்கு" என்றார் திருப்தியாக. "என்ன காரணம் சொன்னேன்?"

"மொதல்ல நகல்ல கையெழுத்து இல்ல. ரெண்டாவது மஞ்சள். மூணாவது மூணு நிமிஷம். நாலாவது தடவ, 'கல்யாணமாகிட்ட. அட்டையில புருஷன் பேர் இருக்கு. கல்யாணமான அக்கா நெருங்கிய உறவு கிடையாது'ன்னீங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றார் அடுத்தவாரத்தார். அவள் கையை வெளியே இழுத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானமே தொலைக்காட்சியின் சட்டப் பிரிவிலிருந்து ஓர் இளம் வக்கீலம்மா வந்தார். வரவழைத்தது அடுத்தவாரத்தார்தான். தொடர் ஆரம்பிக்கும் முன் திரையில் ஓர் அறிவிப்புப் போடுவார்கள்: "இதில் வரும் பாத்திரங்கள், சம்பவங்கள், விதிகள் அனைத்தும் கற்பனையே. யார் மனமாவது புண்பட்டால் அது தற்செயலே." அதில் உள்ள 'விதிகள்' என்ற சொல்லை உடனே எடுக்க வேண்டும் என்று அவர் மூன்று பிரதிகளில் எழுதிக் கொடுத்திருந்தார்.

"என்னோட விதிகள் கற்பனையா? முப்பத்தோரு வருஷம் நடந்த விதிகள்!"

"எடுத்துடலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றார் வக்கீலம்மா. "ஒவ்வொரு விதிக்கும் விதித் தொகுப்புல பக்க எண் மட்டும் குடுங்க. அந்தப் புத்தகம் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்காவா? அதன் மேலதானே உட்கார்ந்திருக்கேன்!"

எல்லோரும் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக நினைத்துத் தலையாட்டினார்கள். அவர் எழுந்து மெத்தையை எடுத்து மேஜை மேல் வைத்தார். அலுவலக நாற்காலி கொஞ்சம் பள்ளமாக இருந்ததால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விதித் தொகுப்பைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தவர். புத்தகம் அழுக்காகக் கூடாதே என்று மனைவி நாலு பக்கமும் மூடி உறை தைத்துவிட்டாள். அன்றிலிருந்து அது திறக்கப்படவில்லை.

தையலக்கா ஊசிப் பெட்டியிலிருந்து சின்னப் பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தாள். அவசரத்தில் ஒரு இடத்தில் துணி கிழிந்தது. உள்ளே இருந்து தடித்த புத்தகம் புத்தம் புதிதாக வெளியே வந்தது.

"நகல்ல கையெழுத்து..." வக்கீலம்மா புரட்டினார். "அப்படி எதுவும் இல்லையே சார். 'அடையாளம் காட்டும் ஏதேனும் ஓர் ஆவணம் போதும்'னு இருக்கு."

"அடுத்த பக்கம் பாருங்க."

"மஞ்சள் உடை... நிறத்தப் பத்தியே ஒண்ணும் இல்ல. மூணு மணி... 'மாலை ஐந்து மணி வரை மனுக்கள் பெறப்படும்.' சந்திப்பு நேரம்... 'நாற்பது நிமிடம்.'"

டைரக்டர் நிமிர்ந்தார். "நாங்க முதல்ல எடுத்தது நாற்பது நிமிஷம்தானே?"

"'நெடுந்தொலைவிலிருந்து வருவோரை எந்த நாளிலும் அனுமதிக்கலாம்.' 'காத்திருப்போருக்கு இருக்கையும் குடிநீரும் தர வேண்டும்.' 'விடைபெறும்போது தழுவிக்கொள்வதைக் காவலர் தடுக்கலாகாது.'" வக்கீலம்மா பதினான்கு பக்கப் புகாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். "சார், உங்க அறுபத்துமூணு பிழையில ஐம்பத்தெட்டு பிழையே இல்ல. காவலர் அழறதப் பத்திக்கூடத் தடை ஒண்ணும் காணோம். இடி பத்திப் புத்தகம் எதுவும் சொல்லல."



"கல்யாணமான அக்கா?" என்று கேட்டாள் தையலக்கா.

வக்கீலம்மா விரலை வைத்துப் படித்தார். "'நெருங்கிய உறவு: பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், உடன்பிறந்தோர்.' அவ்வளவுதான். கல்யாணம் ஆனவங்க ஆகாதவங்கன்னு பிரிக்கல."

அப்படியானால் அந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் பிறப்பிடம் உண்டு. ஒரு கோடையில் ஜன்னலில் வந்து நின்ற மஞ்சள் உடை கண்ணைக் கூசவைத்தது. அன்றே மஞ்சள் போயிற்று. மூன்று மணி, மகளின் பள்ளி விடும் நேரத்தையொட்டிப் பிறந்தது. மகள் படித்து முடித்து, கல்யாணமாகிப் போன பிறகும் விதி போகவில்லை. கல்யாணமான அக்கா விஷயம் கொஞ்சம் உள்வீட்டு விவகாரம். அடுத்தவாரத்தாரின் சொந்த அக்கா தன் மகன் கல்யாணத்துக்குத் தம்பியை முறையாக வந்து அழைக்கவில்லை. "அவ எனக்கு உறவே இல்ல" என்று வீட்டில் கத்திவிட்டு அலுவலகம் போனவர், அதே சூட்டில் அதை நோட்டில் ஏற்றினார். பதினாறு வருடம் ஆகிவிட்டது. அக்காவும் தம்பியும் அப்புறம் சமாதானமாகி, போக்குவரத்து எல்லாம் நடக்கிறது. நோட்டில் மட்டும் யாரும் சமாதானம் ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை தையலக்கா அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். அது பத்தாவது தடவை. புதியவர் நகலைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது புத்தகம்மா. இங்க நடக்கறது நோட்டு."

"புத்தகத்துல இருந்துதானே சார் நோட்டு வரணும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் வந்தப்ப இதத்தான் குடுத்தாங்க. எழுதினவரு ஒரு வரி திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், இந்த நிமிஷமே உள்ள விடறேன். உன்னத் தடுக்கறதுல எனக்கென்ன லாபம்?"

புதியவர் கெட்டவர் இல்லை. மேலதிகாரிக்கு எழுதினால் என்ன என்று வக்கீலம்மாவைக் கேட்டபோது, எழுதலாம், பதில் வர ஒரு மாதம் ஆகும் என்றார். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

புதன்கிழமை காலை தையலக்கா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து அடுத்தவாரத்தார் முன்னால் வைத்தாள்.

"ஒரே ஒரு வரி சார். 'கல்யாணமான அக்காவும் உடன்பிறந்தவதான்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழமை அவன வேற ஜெயிலுக்கு மாத்தறாங்க. நாளைக்கு வியாழன். அவனப் பார்த்து, நான் வந்தேன்டா, பத்துத் தடவ வந்தேன்டான்னு சொல்லிட்டு வந்துடறேன். வேற ஒண்ணும் வேணாம்."

அவர் பேனாவை எடுத்தார். அதைச் சொல்லியாக வேண்டும், எடுத்தார். 'கல்யாணமான' என்று எழுதியும் விட்டார். அப்போதுதான் பேனா நின்றது. பதினாறு வருடத்தில் அந்த ஜன்னலுக்குள் எத்தனை அக்கா கைகள், எத்தனை தங்கை கைகள் வந்திருக்கும்? வளையல் போட்டவை, மருதாணி மங்கியவை, மாவு ஒட்டியவை. ஒவ்வொரு கையும் காகிதத்தோடு வந்து காகிதத்தோடு திரும்பிப் போனது. இந்த ஒரு வரியை எழுதினால் அத்தனை கைகளுக்கும் சேர்த்து எழுதியதாகிவிடுமே என்று யோசித்தார்.

இந்த நேரம் பார்த்துத் தயாரிப்பாளர் வந்து தாளை எட்டிப் பார்த்தார்.

"சார், சார்! என்ன காரியம் பண்றீங்க? விதியே இல்லன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, நம்ம அம்மா ஏன் இன்னும் வெளிய நிக்கறாங்கன்னு நாளைக்கு ஊரே கேக்கும். பதிமூணு வாரக் கதை இருக்கு சார். அறிவிப்புல 'விதிகள்' இருந்துட்டுப் போகட்டும், யாரும் படிக்கறதில்ல. இந்தச் சீட்டு மட்டும் கொஞ்சம் பொறுத்துக் குடுங்க."

"இவளோட தம்பிய வெள்ளிக்கிழமை மாத்தறாங்களாம்" என்றார் அடுத்தவாரத்தார், மெதுவாக.

"மாத்தினா என்ன, அங்கயும் ஒரு ஜன்னல் இருக்கும்."

தையலக்கா தயாரிப்பாளரைப் பார்க்கவே இல்லை. பேனா முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தவாரத்தார் அவளுடைய முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். தாளின் முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமினார். இதைச் சொல்லலாம் என்று அவர் யோசித்ததாகக் கூடத் தெரியவில்லை. முப்பத்தோரு வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அடுத்த வாரம் வாம்மா."

வியாழக்கிழமை அவள் வெறுங்கையோடு ஜன்னலுக்குப் போய் மூன்று மணி வரை நின்றாள். வெள்ளிக்கிழமை காலை வேன் புறப்பட்டது. அவள் சாலையோரம் நின்று கையை ஆட்டினாளாம். வேனுக்கு ஜன்னல் உயரத்தில் கம்பிவலை இருந்ததால் எந்தத் தலை அவனுடையது என்று தெரியவில்லை என்றாள். சனிக்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்தாள்.

தொடர் பிய்த்துக்கொண்டு போனது. அம்மா திரும்பி வருகிற ஒவ்வொரு வாரமும் வீடு வீடாக அழுதார்கள். "இவ்வளவு தத்ரூபமாக எடுக்க எப்படி மனம் வந்தது?" என்று கடிதங்கள் குவிந்தன. கடைசிப் பகுதியில் மட்டும் நேயர்களின் வேண்டுகோளுக்கிணங்க அம்மா மகனைக் கட்டிப்பிடித்தாள். நாற்பது நிமிடம். இடி இடித்தது. அந்தக் காட்சிக்கு அம்மா உடுத்திய உடையை மடிப்பு மாறாமல் தேய்த்துக் கொடுத்தவள் தையலக்காதான்.

வெற்றி விழாவை அரங்கத்திலேயே வைத்தார்கள். பிற்பகல் இரண்டரை மணி. அடுத்தவாரத்தாருக்கு "யதார்த்தச் செம்மல்" என்று பட்டம் கொடுத்து, கேடயம் கொடுத்து, கையில் மைக்கையும் கொடுத்தார்கள். முன்வரிசையில் அவருடைய மனைவி, மகள், சமாதானமான அக்கா, வாசலில் நிறுத்தப்பட்ட சம்பந்தி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் உழைப்பவர்கள் சார்பில் ஒரு நினைவுப் பரிசு என்று அறிவித்ததும் தையலக்கா மேடையேறி, மடித்த துணி ஒன்றை அவர் கையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றாள்.

கைதிச் சட்டைக்கு வாங்கியதில் மிச்சம் விழுந்த கோடு போட்ட துணி. அதில் கறுப்பு நூலால் எழுத்துத் தைத்திருந்தாள். முத்து முத்தான தையல்.

"படிங்க சார், படிங்க!" என்றார் தயாரிப்பாளர்.

அடுத்தவாரத்தார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மைக்கில் கணீரென்று படித்தார். "'இந்த ஜன்னலில் சொல்லப்படும் விதிகள் அனைத்தும் கற்பனையே.'"

நல்ல வேடிக்கை என்று கூட்டம் கைதட்டியது. டைரக்டர் விசில் அடித்தார். அடுத்தவாரத்தாரும் சிரிக்கப் பார்த்தார். ஆனால் எந்தக் காகிதத்தையும் முன்பக்கத்தோடு விட்டுவிடுகிற மனிதரா அவர்? பழக்கம் விடுமா? துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது.

*பதினோரு தடவை வந்தேன். என் தம்பிக்கு அது தெரியாது. நீங்கள் புண்படுத்தியது தற்செயல் அல்ல.*

அவர் ஓரத்தைப் பார்த்தார். ஓரத்தில் ஒன்றுமில்லை. மறுபடியும் அந்த வரிகளுக்கே வந்தார். 

"பின்னாடி என்ன போட்டிருக்கு, படிங்க!" என்று அவருடைய அக்கா முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள்.

அடுத்தவாரத்தார் தொண்டையைச் செருமினார். "இத... இத நான் அடுத்த வாரம்..."

"இப்பவே படிங்க சார்" என்றாள் தையலக்கா, கீழேயிருந்து. "மணி இன்னும் மூணு ஆகல."